சினைமுட்டையின் இருப்பும் தரமும்

மும்பை மாநகரின் கிழக்குப் புறத்தில், செம்பூருக்கும் கோவண்டிக்கும் அருகே அமைந்துள்ள தேவ்நார் என்னும் பகுதியை நகர மக்களிற் பலர் அங்குள்ள பெரிய இறைச்சிக்கூடத்தைக் கொண்டும் குப்பைமேட்டைக் கொண்டுமே அறிவர். அறிவியல் உலகம் அப்பெயரை அறிவது வேறொரு காரணத்தால். பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் அங்கே, கோவண்டி நிலையச் சாலையில் அமைந்திருக்கிறது. இந்திய அரசு, ஐக்கிய நாடுகள் அமைப்பு, சர் தொராப்ஜி டாட்டா அறக்கட்டளை ஆகியவற்றின் ஒத்துழைப்பால் 1956-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கப்பெற்ற மக்கள்தொகைப் பயிற்சி ஆராய்ச்சி மையமே இன்று இப்பெயரோடு விளங்குகிறது. 1992–93 முதல் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வுகளை நாடு முழுவதற்கும் ஒருங்கிணைத்த பொறுப்பும் இந்நிறுவனத்தையே சாரும்.

பிறப்பு மிகுகின்றதே என்னும் கவலை நாட்டை ஆண்ட காலத்தில் தோன்றிய நிறுவனம் இது. அதன் கணக்குகளே இன்று வேறொரு செய்தியைக் கூறுகின்றன. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 1992–93-இல் 3.4 ஆக இருந்தது, 2019–21-இல் 2.0 ஆகக் குறைந்தது. மகாராட்டிரத்தில் அது 1.7, தமிழ்நாட்டில் 1.8. ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடு செய்து கொள்வதற்கு வேண்டிய அளவு 2.1 என்பதை நினைவிற் கொண்டால் இம்மாறுதலின் பெருமை விளங்கும்.

இச்சராசரிக்குள் இன்னொரு துயரமும் மறைந்து கிடக்கிறது. குழந்தை வேண்டியும் பெறாதவர்கள் அதில் உள்ளனர். வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்திற் கருவுறாமையால் வருந்துவோர் உலகில் நூற்றுக்கு 17.5 பேர், அதாவது ஏறத்தாழ அறுவரில் ஒருவர், என உலகச் சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு அறிவித்தது. படிப்பும் பணியும் திருமணத்தைத் தள்ளிப் போடும் நகரங்களில், மருத்துவரிடம் வரும் தம்பதியரின் வயதும் உயர்ந்து வருகிறது. ஆகவே மக்கள்தொகை அட்டவணையில் ‘தாயின் வயது’ என்று இடப்பட்டிருக்கும் கட்டம், உயிரியலாருக்கும் மருத்துவருக்கும் தனித்த பொருளுடையதாகி விட்டது. வயது ஏறும்போது சினைமுட்டையில் நிகழ்வது யாது? அதனை முன்கூட்டியே காட்டவல்ல மூலக்கூறுகள் உளவா? அவற்றை நம்பி ஒரு பெண் தன் வாழ்க்கை முடிவுகளைச் செய்து கொள்ளலாமா? இவ்வினாக்களுக்கு இன்றைய அறிவியல் கூறும் விடையை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிறக்குமுன் நிரப்பப்பெற்ற குதிர்

ஆணின் உடலில் விந்தணுக்கள் பருவம் எய்திய நாள்முதல் இடைவிடாது உண்டாகிக் கொண்டேயிருக்கின்றன. பெண்ணின் நிலை அத்தகையதன்று. அவள் தாய் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போதே அவளுடைய சூலகங்களில் 60 முதல் 70 இலட்சம் சினைமுட்டை அணுக்கள் நிறைந்து விடுகின்றன. அதன் பின்னர் அவ்விருப்பு குறைந்து கொண்டே வருகிறது. பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சமே எஞ்சுகின்றன. பூப்படையும் பருவத்தில் 3 அல்லது 4 இலட்சம். மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஏறத்தாழ ஆயிரம். இவ்வளவு பெருந்தொகையில் முழுமுதிர்ச்சி பெற்று வெளிப்படுபவை சுமார் 400 மட்டுமே. மற்றவை யாவும் சூலகத்துள்ளேயே அழிந்து போகின்றன.

நம் நாட்டு உழவர் வீட்டுக் குதிரை இதற்கு ஒப்பிடலாம். அறுவடை ஒருமுறைதான் நிகழ்ந்தது. குதிர் ஒருமுறைதான் நிரப்பப்பெற்றது. அதன் பின்னர் அதிலிருந்து எடுப்பது உண்டேயன்றி இடுவது இல்லை. குதிரில் எவ்வளவு நெல் எஞ்சியிருக்கிறது என்பது ஒரு கேள்வி. எஞ்சிய நெல்லில் முளைக்கும் ஆற்றல் எவ்வளவு என்பது மற்றொரு கேள்வி. முன்னது இருப்பு; பின்னது தரம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் குழப்பமே இத்துறையில் மிகப் பெரிது. இனி வருவனவற்றை வாசகர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே படித்தல் வேண்டும்.

காத்திருப்பின் விலை

ஒவ்வொரு சினைமுட்டை அணுவும் தன் நிறக்கோல்களைச் சரிபாதியாகப் பிரித்துக் கொள்ளும் பிரிவினையைச் சிசுப் பருவத்திலேயே தொடங்கி விடுகிறது. ஆனால் அதனை முடிப்பதில்லை. இணைந்த நிறக்கோல்கள் ஒன்றையொன்று பற்றிய நிலையில் அது அப்படியே உறைந்து நிற்கிறது. 20 வயதில் வெளிப்படும் முட்டை இருபது ஆண்டுகளும், 40 வயதில் வெளிப்படும் முட்டை நாற்பது ஆண்டுகளும் அந்நிலையிற் காத்திருந்தவை. உடலின் வேறெந்த அணுவும் பிரிவினையின் நடுவில் இத்துணை நீண்ட காலம் நிற்பதில்லை.

நிறக்கோல்களைச் சேர்த்துக் கட்டி வைத்திருப்பவை கொஹிசின் எனப்படும் வளைய வடிவப் புரதங்கள். கற்றையைக் கட்டும் வைக்கோற் புரி போன்றவை அவை. எலிகளில் நிகழ்த்தப்பெற்று 2010-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சிகள், இப்புரதங்கள் பிறப்பிற்கு முன் இடப்பெற்ற பின்னர்ப் புதுப்பிக்கப்படுவதில்லை என்றும், வயது ஏற ஏற நிறக்கோல்களின் மேல் அவற்றின் அளவு குறைகிறதென்றும் காட்டின. புரி தளர்ந்தால் கற்றை அவிழ்வது போல, பிரிவினை மீண்டும் தொடங்கும் அந்தச் சில மணி நேரத்தில் நிறக்கோல்கள் நேராகப் பிரியாமல் ஒருபுறம் ஒன்று கூடியும் மறுபுறம் ஒன்று குறைந்தும் போகின்றன. இவ்வாறு எண்ணிக்கை பிறழ்ந்த முட்டை கருவுற்றாலும் பெரும்பாலும் கருப்பையிற் பதியாது. பதிந்தாலும் பெரும்பாலும் கரு சிதையும். 21-ஆம் நிறக்கோல் ஒன்று மிகுந்த கருக்களிற் சில பிழைத்துப் பிறக்கின்றன. அதுவே டவுன் நிலை என வழங்குவது. அம்மிகை நிறக்கோல் பத்தில் ஒன்பது பேருக்குத் தாயின் முட்டையிலிருந்தே வருகிறது.

கணக்குகளும் இதனை உறுதி செய்கின்றன. டவுன் நிலையுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு, தாய்க்கு 25 வயதாயின் ஏறத்தாழ 1,250 பிறப்புகளுக்கு ஒன்று. 35 வயதில் சுமார் 350-க்கு ஒன்று. 40 வயதில் சுமார் 100-க்கு ஒன்று. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பெற்ற கருக்களைச் சோதித்தபோது, 26 முதல் 30 வயதுவரை நிறக்கோற் பிறழ்வு மிகக் குறைவாகவும், 40 வயதளவில் பாதிக்கு மேற்பட்டும், 44 வயதில் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேலாகவும் இருக்கக் காணப்பட்டது.

மற்றொரு கூறு முட்டையின் ஆற்றல் நிலையங்களாகிய மைட்டோகாண்டிரியாக்கள். முதிர்ந்த மனித முட்டை ஒன்றில் இவற்றின் மரபுப்பொருட் படிகள் இலட்சத்திற்கும் மேற்பட்டவை. ஆற்றல் உண்டாகும்போது தீங்கிழைக்கும் ஆக்சிஜன் கூறுகளும் உண்டாகின்றன. பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும் முட்டை இத்தீங்கிலிருந்து தன்னைக் காத்துக் கொள்வது எங்ஙனம் என்பது நெடுநாட் புதிராக இருந்தது. பார்சலோனாவைச் சேர்ந்த ஆராய்ச்சிக் குழுவொன்று 2022-ஆம் ஆண்டு இதற்கு ஒரு விடை கண்டது. இளநிலை முட்டை, ஆற்றல் தரும் வினைத்தொடரின் முதல் உறுப்பையே அமைக்காமல் விட்டுவிடுகிறது. அடுப்பை அணைத்து வைத்தால் புகையும் இல்லை. இத்தகைய காவலும் காலத்தை முற்றிலும் வெல்வதில்லை.

பரேலில் எழுந்த பணி

தேவ்நாரிலிருந்து மேற்கே சில கல் தொலைவில் பரேல் உள்ளது. அங்கே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனமும், மாநகராட்சியின் கே.இ.எம். மருத்துவமனையும் அண்மையில் அமைந்திருக்கின்றன. இவ்விரு நிறுவனங்களின் கூட்டு முயற்சியால், மருத்துவர் இந்திரா ஹிந்துஜா, ஆராய்ச்சியாளர் டி. சி. ஆனந்த் குமார் ஆகியோர் தலைமையில், 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உடலுக்கு வெளியே கருவூட்டும் முறையால் இந்தியாவிற் பிறந்து, அறிவியல் முறைப்படி ஆவணப்படுத்தப்பெற்ற முதற் குழந்தை அதுவே.

அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னரே, 1978-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் இங்கிலாந்தில் உலகின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்து மூன்று திங்கள் நிறையுமுன், கல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள் ஒரு குழந்தை பிறந்தது. மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவர் கூற்றை ஏற்கவில்லை. மனம் நொந்த அவர் 1981-இல் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். பின்னாளில் அவருடைய கையெழுத்துக் குறிப்புகளை ஆராய்ந்து, இந்தியாவில் இம்முறைக்கு முன்னோடி அவரே என்று 1997-ஆம் ஆண்டு வெளிப்படையாக எழுதியவர், தமக்கே உரியதாகக் கருதப்பட்ட பெருமையை உவந்து விட்டுக்கொடுத்த ஆனந்த் குமாரே ஆவார். இந்திய அறிவியல் வரலாற்றில் இது பொன்னேட்டிற் பொறிக்கத்தக்க செயல்.

நம் பொருளோடு நெருங்கிய மற்றொரு நிகழ்ச்சி 1991-ஆம் ஆண்டினது. சூலகம் காலத்திற்கு முன்பே செயலிழந்த பெண்களும் மாதவிலக்கு நின்ற பெண்களும், மற்றொருவர் அளித்த சினைமுட்டையால் தாயாகும் முறையை இந்திரா ஹிந்துஜா இந்நாட்டில் வெற்றியுடன் தொடங்கி வைத்தார். இம்முறை உலகெங்கும் பரவியபோது ஓர் உண்மை ஐயத்திற்கிடமின்றி வெளிப்பட்டது. இளம் பெண் அளித்த முட்டையைக் கொண்டு கருவுறும்போது, பெறுபவரின் வயது 30 ஆயினும் 45 ஆயினும் வெற்றி விகிதம் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே வயதின் சுமை பெரும்பாலும் கருப்பையின்மேல் இல்லை, முட்டையின்மேலேயே இருக்கிறது.

இருப்பைக் காட்டும் குறிகள்

இத்துறை நூல்களைத் தமிழாக்கும்போது ‘மார்க்கர்’ என்னும் சொல்லுக்குச் ‘சான்று’ என்று எழுதுவோரும் உளர். அது பொருந்தாது. சான்று ஒரு வழக்கை முடித்து வைப்பது. மார்க்கர் ஒன்றைச் சுட்டிக் காட்டுவது மட்டுமே. ‘சுட்டுக்குறி’ என்பதே தக்க சொல். சொல்லிற் சிறியதாகத் தோன்றும் இவ்வேறுபாடு வாழ்க்கையிற் பெரியதாகி விடுகிறது என்பதை இனிக் காண்போம்.

இன்று பெரிதும் வழங்கும் சுட்டுக்குறி ஏ.எம்.எச். எனச் சுருக்கி வழங்கும் மியூலரிய எதிர் ஹார்மோன் ஆகும். பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரட் ஜோஸ்ட் 1940-களில் இதன் செயலை ஆண் கருவில் கண்டறிந்தார். ஆண் சிசுவின் உடலில் பெண் உறுப்புகளுக்கு அடிப்படையான குழாய்களை மறையச் செய்வது இதுவே. பெண்ணின் உடலில் இதனைச் சுரப்பவை, வளரத் தொடங்கிய சிறிய முட்டைப் பைகளின் சுற்றணுக்கள். வளரும் பைகளின் தொகை உறங்கும் பைகளின் தொகையை ஒட்டியிருப்பதால், குருதியில் இதன் அளவு குதிரின் மட்டத்தை ஒருவாறு காட்டுகிறது. மாதவிலக்குச் சுழற்சியின் எந்நாளிலும் பெரிதும் மாறாதிருப்பது இதன் சிறப்பு. ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமிற்குக் குறைந்தால் இருப்பு குறைவு எனப் பொதுவாகக் கொள்வர். எனினும் ஆய்வுக்கூடத்திற்கு ஆய்வுக்கூடம் அளவை முறை வேறுபடுவதால் ஓரிடத்து எண்ணை மற்றோரிடத்து எண்ணோடு நேராக ஒப்பிடலாகாது.

இதனுடன் மூளையடிச் சுரப்பி விடுக்கும் எப்.எஸ்.எச். ஹார்மோனையும் மருத்துவர் அளப்பர். செவியுணரா ஒலியலைகளைக் கொண்டு சூலகத்திலுள்ள சிறு பைகளையும் எண்ணுவர். இம்மூன்றும் ஒரு காரியத்திற்கு மிக உதவுகின்றன. ஊசி மருந்தால் சூலகத்தைத் தூண்டினால் எத்தனை முட்டைகள் கிடைக்கும், எவ்வளவு மருந்து போதும், மிகைத்தூண்டலால் ஆபத்து உண்டா என்பவற்றை முன்கூட்டியே கணிக்கலாம். அம்மட்டோடு அவற்றின் ஆட்சி முடிகிறது. கிடைக்கும் முட்டைகள் நல்லவையா என்பதை அவை கூறா. சூலகத்தில் நீர்ப்பைகள் பல தோன்றும் நிலையுள்ள பெண்களுக்கு ஏ.எம்.எச். மிகுந்திருப்பினும் அவர்களிற் பலர் கருவுறாமல் வருந்துவது இதற்குச் சான்று.

அமெரிக்காவின் வடகரோலினாவில் நடைபெற்று 2017-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. கருவுறாமை வரலாறு இல்லாத, 30 முதல் 44 வயதுக்குட்பட்ட சுமார் 750 பெண்கள் இயற்கை முறையிற் கருவுற முயன்றபோது தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். ஆறு சுழற்சிகளுக்குள் கருவுறும் வாய்ப்பு, ஏ.எம்.எச். குறைந்தவர்களுக்கு நூற்றுக்குச் சுமார் 65. இயல்பான அளவுடையோருக்குச் சுமார் 62. வேறுபாடு ஏதுமில்லை என்பதே இதன் பொருள். மாதம் ஒரு முட்டை போதுமான இடத்தில், குதிரில் ஆயிரம் மணி இருந்தாலென்ன, பதினாயிரம் இருந்தாலென்ன? கருவுறாமை இல்லாத பெண்களுக்கு எதிர்கால வாய்ப்பைக் கூறும் பொருட்டு இச்சோதனையைச் செய்யலாகாது என்று அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கழகம் 2019-ஆம் ஆண்டு அறிவுறுத்தியது.

தரத்தைத் தேடும் முயற்சி

விதைநெல்லின் தரத்தை அறிய உழவர் செய்வது யாது? நூறு மணிகளை எண்ணி ஈரச்சாக்கில் வைத்து, முளைத்தவற்றை எண்ணுகிறார். அந்நூறு மணிகளும் விதைப்பிற்கு உதவா. எனினும் எஞ்சியவற்றைப் பற்றி அவை உண்மை கூறி விடுகின்றன. சினைமுட்டையில் இவ்வழி இயலாது. கிடைப்பவை சிலவே. ஒன்றின் தன்மை மற்றொன்றின் தன்மையைக் காட்டாது. உடைத்துப் பார்த்த முட்டை கருவாகாது. ஆகவே முட்டையைத் தொடாமல், அதனைச் சூழ்ந்தவற்றையும் அது கழித்தெறிந்தவற்றையும் ஆராய அறிஞர் முற்பட்டனர்.

முட்டையைச் சுற்றி மேகம்போற் சூழ்ந்திருக்கும் அணுக்கள் அதனோடு நுண்ணிய வழிகளால் உணவும் செய்தியும் பரிமாறிக் கொள்கின்றன. முட்டை ஜி.டி.எப்.9, பி.எம்.பி.15 என்னும் புரதங்களை விடுத்து இவ்வணுக்களை ஆள்கிறது. ஆட்சி நன்றாயின் அணுக்களிற் சில மரபுக்கூறுகள் ஊக்கமாகச் செயற்படுகின்றன. கருவூட்டலுக்கு முன் எவ்வாறாயினும் நீக்கி எறியப்படும் இவ்வணுக்களைச் சோதித்து முட்டையின் தரத்தை அறியலாம் என்பது அழகிய எண்ணம். எச்.ஏ.எஸ்.2, பி.டி.ஜி.எஸ்.2, கிரெம்லின்1 முதலிய மரபுக்கூறுகளின் செயல் மிகுதி நல்ல கருவளர்ச்சியோடு இணைந்திருப்பதாக 2004 முதல் அறிக்கைகள் வெளிவந்தன. ஆயினும் ஒரு கூடம் கண்ட பட்டியல் மற்றொரு கூடத்தில் அவ்வாறே திரும்பக் கிடைப்பது அரிதாயிற்று. ஆதலால் இச்சோதனை அன்றாட மருத்துவத்தில் இன்னும் இடம் பெறவில்லை.

முட்டை தன் நிறக்கோல்களிற் பாதியைக் கழித்தெறியும்போது உண்டாகும் துருவ உருண்டையை ஆராய்வது மற்றொரு வழி. எறிந்ததில் ஒன்று மிகுந்தால் உள்ளே ஒன்று குறைந்திருக்கும் என்பது எளிய கணக்கு. ஐரோப்பாவிலும் இசுரேலிலும் 36 முதல் 40 வயதுள்ள 396 பெண்களிடம் நடைபெற்று 2018-இல் வெளியான ஆய்வு, இச்சோதனையால் குழந்தை பெறுவோரின் தொகை உயரவில்லை எனக் காட்டியது. எனினும் கருவைப் பதிக்கும் முயற்சிகளின் எண்ணிக்கையும் கருச்சிதைவும் குறைந்தன. இது ஒரு நடுநிலையான முடிவு. சோதனை கெட்ட முட்டையை இனங்காட்டிற்று. நல்ல முட்டையை உண்டாக்கவில்லை.

ஐந்தாம் நாட் கருவின் வெளிப்புற அணுக்களிற் சிலவற்றை எடுத்து நிறக்கோல்களை எண்ணும் முறை இன்று பெரிதும் வழக்கில் உள்ளது. 25 முதல் 40 வயதுள்ள 661 பெண்களைக் கொண்டு நடைபெற்று 2019-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், சோதித்துப் பதித்தவர்களுள் நூற்றுக்கு 50 பேரும், தோற்றத்தை மட்டும் நோக்கிப் பதித்தவர்களுள் 46 பேரும் கருத்தரிப்பைத் தொடர்ந்தனர். இச்சிறு வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று கணிதம் கூறிற்று. கருவிலுள்ள மைட்டோகாண்டிரிய மரபுப்பொருளின் அளவை ஒரு சுட்டுக்குறியாகக் கொள்ளலாம் என 2015-ஆம் ஆண்டளவில் எழுந்த நம்பிக்கையும், பிற கூடங்கள் அதே முடிவைக் காணாமையால் தளர்ந்தது.

எனவே இன்றும் முட்டையின் தரத்தைக் கூறுவதில் எல்லாக் குறிகளிலும் உறுதியானது ஒன்றே: பெண்ணின் வயது. அதனை அறிய ஊசியும் வேண்டா, கட்டணமும் வேண்டா.

இந்தியப் பெண்களும் ஆறு ஆண்டு வேறுபாடும்

கருவுறாமைச் சிகிச்சைக்கு வந்த இந்தியப் பெண்களையும் ஸ்பெயின் நாட்டுப் பெண்களையும் ஒப்பிட்டு 2014-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, இந்தியப் பெண்களின் ஏ.எம்.எச். அளவு தம்மினும் ஏறத்தாழ 6 ஆண்டு மூத்த ஸ்பெயின் பெண்களின் அளவை ஒத்திருந்ததாகக் கூறிற்று. ‘இந்தியப் பெண்ணின் சூலகம் ஆறு ஆண்டு முந்தி மூப்படைகிறது’ என்று இம்முடிவு எங்கும் பரவியது. இங்கும் நாம் குதிரை நினைவு கூர்தல் வேண்டும். அளக்கப்பட்டது இருப்பு, தரம் அன்று. அளக்கப்பட்டோர் மருத்துவமனைக்கு வந்தோர். ஊரிலுள்ள எல்லாரும் அல்லர். அது முன்கூட்டியே மருத்துவரை நாட ஒரு காரணமாகலாமேயன்றி, ஒவ்வோர் இந்தியப் பெண்ணின் தலைமேலும் எழுதிய தீர்ப்பாகாது.

இத்தகைய கேள்விக்கு மருத்துவமனைக் கணக்கு மட்டும் போதாது. இல்லந்தோறும் சென்று எடுக்கும் கணக்கும் வேண்டும். தேவ்நாரில் ஒருங்கிணைக்கப்படும் தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் மாதவிலக்கு நின்றோரின் விகிதம் கணக்கிடப்படுகிறது. கருப்பை அகற்றும் அறுவையைப் பற்றியும் 2015–16 முதல் தனியே கேட்கப்படுகிறது. சோதனைக் குழாயும் கணக்கெடுப்பாளரின் படிவமும் ஒன்றையொன்று நிறைவு செய்வன.

குதிர் மீண்டும் நிரம்புமா?

சினைமுட்டை பிறப்பிற்குப் பின் புதிதாக உண்டாவதில்லை என்னும் கொள்கையை 1951-ஆம் ஆண்டு சோலி சக்கர்மன் நிலைநாட்டினார். 2004-இல் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர் எலிகளைக் கொண்டு இதனை மறுத்தனர். பரேலிலுள்ள நிறுவனத்தைச் சேர்ந்த தீபா பார்த்தியாவின் குழுவினரும், முதிர்ந்த சூலகத்தின் மேற்பரப்பில் மிகச் சிறிய மூல அணுக்கள் உள்ளன என்று 2011-ஆம் ஆண்டு எழுதினர். ஸ்டாக்ஹோம் நகரக் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் மனிதச் சூலக அணுக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, முட்டையாகவல்ல மூல அணு எதனையும் தாம் காணவில்லை என 2020-இல் அறிவித்தனர். வாதம் அறிஞரிடையே நடைபெறுகிறது. அது முடிந்துவிட்டதாகக் கொண்டு, ‘சூலகத்தை இளமையாக்குவோம்’ என விளம்பரம் செய்வோரை நம்பிப் பொருளைச் செலவிடுதல் அறிவுடைமையன்று.

சட்டத்தின் காவல்

இனப்பெருக்க உதவி நுட்பங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021-ஆம் ஆண்டு நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி சிகிச்சை பெறும் பெண்ணுக்கு வயது 21-க்கு மேற்பட்டும் 50-க்கு உட்பட்டும், ஆணுக்கு 55-க்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். சினைமுட்டை அளிப்பவர் 23 முதல் 35 வயதுக்குட்பட்டவராய், வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே, 7 முட்டைகளுக்கு மேற்படாமல் அளிக்கலாம். இவ்வயது வரம்புகளுக்குப் பின்னால் மேலே கூறிய உயிரியலே நிற்கிறது. கருவின் நிறக்கோல்களை எண்ணும்போது அதன் பாலும் தெரிய வரும். ஆயினும் பாலைத் தெரிந்தெடுப்பதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் முற்றிலும் தடை செய்கிறது. நோயைக் காணும் கண்ணாடி பெண் சிசுவை நீக்கும் கத்தியாதல் கூடாது.

எண்ணைப் படிக்கும் முறை

மாதுங்காவிலோ செம்பூரிலோ வாழும் 34 வயதுப் பெண்ணொருத்தியை எண்ணிப் பார்ப்போம். திருமணமாகி ஓராண்டு கூட நிறையவில்லை. அலுவலகம் அளித்த உடற்பரிசோதனைத் தொகுப்பில் ஏ.எம்.எச். 0.8 என்று வருகிறது. தாளின் ஓரத்தில் ‘குறைவு’ எனச் சிவப்பெழுத்து. அன்றிரவு அவ்வீட்டில் உறக்கம் இராது. மாமியார் ஒன்று சொல்வார். அண்டை வீட்டார் ஒன்று சொல்வர். நம் மொழியில் இதற்கென்றே வழங்கும் ஒரு கொடுஞ்சொல்லும் எவர் வாயிலேனும் எழுந்து விடும். அச்சொல்லுக்கு அறிவியலில் இடமில்லை. கருவுறாத தம்பதியருள் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்துக் காரணமும் கலந்திருக்கிறது. ஆயினும் முதற் சோதனை பெண்ணுக்கே நடக்கிறது. விந்துப் பரிசோதனை எளியது, செலவு குறைந்தது. அதனைத் தள்ளிப் போடுவதால் இழக்கப்படுவது பெண்ணின் காலமே.

அவளுக்கு அறிவியல் கூறுவது இது. அவ்வெண் அவள் குதிரின் மட்டம். அவள் விதையின் ஆற்றல் அன்று. இயற்கையிற் கருவுறும் வாய்ப்பு இன்னும் அவளுக்கு உண்டு. அதே வேளையில், அவளுடைய வயது கூறும் உண்மையை ஏ.எம்.எச். மிகுந்திருந்தாலும் மாற்றியிருக்க இயலாது. 35 வயதிற்குட்பட்டோர் ஓராண்டு முயன்றும், 35-ஐக் கடந்தோர் ஆறு மாதம் முயன்றும் கருவுறாவிடில் மருத்துவரைக் காணுதல் முறை. கணவனும் மனைவியும் சேர்ந்து செல்லுதல் வேண்டும். நாற்பதைக் கடந்தோர் காத்திராமல் உடனே செல்வது நன்று. முட்டையை உறைய வைத்துப் பாதுகாக்கும் முறை 2012 முதல் சோதனை நிலையைக் கடந்ததாகக் கருதப்படினும், உறைய வைத்த முட்டை ஒவ்வொன்றும் ஒரு குழந்தையாகாது என்பதையும், 40-இல் உறைய வைத்த முட்டைக்கு வயது நாற்பதே என்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும்.

ஒரு மூலக்கூறின் அளவைக் கண்டறிய ஒரு துளிக் குருதி போதும். அவ்வளவு எதனைச் சுட்டுகிறது, எதனைச் சுட்டவில்லை என்று நின்று நிதானமாக விளக்க, மருத்துவர் ஒருவரின் அரைமணி நேரம் வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு இன்று அரிதாயிருப்பது குருதிச் சோதனையன்று. அந்த அரைமணி நேரமே.